ஜெல்லுக்குப் பயந்து செட் மாத்திரைக்குப் போனால்

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அம்மாவின் முழங்காலில் தடவும் ஜெல்லில் இருக்கும் டைக்ளோபெனாக் என்ற வலி மருந்துதான் கழுகுகளைக் கொன்றது, அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்தீர்களாம். அதில் எனக்குப் பதற்றம் தந்தது கடைசியில் போகிற போக்கில் எழுதிய வரிதான்: "வீடியோ பார்த்ததும் ஜெல்லை நிறுத்திவிட்டோம். மூன்று வாரமாக மெடிக்கலில் செட் மாத்திரை வாங்கி ராத்திரிக்கு மட்டும் கொடுக்கிறோம். அம்மா நன்றாக நடக்கிறார்கள்."

அம்மாவுக்கு 64 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம், பிரஷருக்குத் தினமும் மாத்திரை. அப்படிப்பட்டவருக்கு, மெடிக்கலில் பல மாத்திரைகளைக் கலந்து கவரில் போட்டுத் தரும் பேர் தெரியாத செட்டை மூன்று வாரம் கொடுத்திருக்கிறீர்கள். இன்றைக்கே அவரைத் தனியாக உட்கார வைத்து ஒன்று கேளுங்கள்: மலம் என்ன நிறத்தில் போகிறது? தார் மாதிரி கறுப்பாக, பிசுபிசுப்பாக, வழக்கத்துக்கு மாறான நாற்றத்தோடு போனால் குடலுக்குள் ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். காலை வரை காத்திருக்காதீர்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு, ராத்திரியானாலும் அவசரச் சிகிச்சைக்குக் கூட்டிப் போங்கள்.

வயிறு வலிக்கவில்லையே என்று சமாதானம் ஆகாதீர்கள். வலி மாத்திரையால் வரும் குடல் புண் பல பேருக்கு வலிக்கவே வலிக்காது. காங்கேயம் பக்கத்திலிருந்து ஒரு பெரியம்மா மூச்சு வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தார். உள்ளங்கை வெளுத்துக் காகிதம் மாதிரி இருந்தது. ஹீமோகுளோபின் 6. எத்தனை நாளாகக் கறுப்பாகப் போகிறது என்று கேட்டேன். "ரெண்டு வாரமா இருக்கும் கண்ணு, ராகிக்களி திங்கறதால போகுதுன்னு நெனச்சேன்" என்றார். ரத்தம் ஏற்றித்தான் காப்பாற்ற முடிந்தது. நம் வீட்டுப் பெண்கள் இதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். நீங்கள்தான் கேட்க வேண்டும்.

சரி, அந்த வீடியோ. கழுகுகள் செத்தது உண்மை. டைக்ளோபெனாக் ஊசி போட்ட மாடு சில நாளில் செத்துப்போனால், அதைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்தன. கால்நடைகளுக்கு அந்த மருந்தை 2006-ல் தடை செய்ததும் அதனால்தான். சத்தியமங்கலத்துக்கு மேலே மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் கொஞ்சம் பாறுகள் மிஞ்சியிருக்கின்றன. ஆனால் அந்தப் பறவையின் உடம்பு வேறு, அம்மா முழங்காலில் தடவுவது வேறு. டைக்ளோபெனாக் மாத்திரையாகப் போனால் ரத்தத்தில் 100 பங்கு சேரும் என்று வைத்துக்கொண்டால், ஒரு முழங்காலுக்கு முழு அளவு ஜெல் தடவினாலும் சேர்வது சுமார் 6 பங்கு. செட்டில் இருப்பது பெரும்பாலும் அதே டைக்ளோபெனாக்கோ அதன் பங்காளியோதான். ஆறுக்குப் பயந்து நூறை விழுங்க வைத்திருக்கிறீர்கள். பிரஷர் மாத்திரையோடு நீர் மாத்திரையும் இருந்து, அதன்மேல் வலி மாத்திரையும் விழுந்தால் சிறுநீரகம் நிஜமாகவே அடி வாங்கும்.

செட்டைத் தாளில் கொட்டிப் பாருங்கள். மஞ்சளும் சிவப்புமாக இருப்பவற்றுக்கு நடுவில் பொடிசாக ஒரு வெள்ளை மாத்திரை இருந்தால் அது வலியையும் வீக்கத்தையும் சட்டென அமுக்கும் ஸ்டீராய்டாக இருக்கலாம். அம்மா நன்றாக நடக்கிறார்களே, அதற்குக் காரணம் அதுவாகவும் இருக்கலாம். மூன்று வாரம் சாப்பிட்ட ஸ்டீராய்டை எப்படி நிறுத்துவது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அதனால் மலம் சரியாகப் போனாலும் நாளைக்கே மருத்துவரைப் பாருங்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும், ஹீமோகுளோபினும் ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

கிரியேட்டினின் சரியாக இருந்தால், வலி மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் முன்பு மூச்சிரைப்போ தடிப்போ வந்ததில்லை என்றால், ஜெல்லுக்கே திரும்பலாம். "தடவியும் கேட்கவில்லை" என்று வருகிற பலர் விரல் நுனியில் தொட்டுத் தேய்த்தவர்கள். ஒரு முழங்காலுக்கு ஒரு வேளைக்கு 2 முதல் 4 கிராம் வேண்டும். குறைந்தது ஒரு அரைநெல்லிக்காய் அளவு. ஒரு நாளைக்கு மூன்று, நான்கு முறை. 30 கிராம் டியூப் இரண்டு முழங்காலுக்கு ஓரிரு நாளில் தீர்ந்துவிடும், அதனால் பெரிய டியூப்பாக வாங்குங்கள். ஒரு வாரமாவது விடாமல் தடவிய பிறகுதான் கேட்கிறதா இல்லையா என்று சொல்ல முடியும். அழுத்தித் தேய்க்க வேண்டாம், முட்டியைச் சுற்றிலும் மெதுவாகப் பரப்பினால் போதும். தடவிய காலில் வெந்நீர் ஒத்தடம், நல்லெண்ணெய், இறுக்கமான கட்டு எதுவும் கூடாது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தோட்டத்து வெயிலில் நிற்பதும் கூடாது. கீறல், புண் இருக்கும் இடத்தில் தடவாதீர்கள். அப்புறம், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் அடுத்த வேலை. தோல் சிவந்து அரித்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

முட்டியில் கேட்கும் 'கடக் கடக்' சத்தம் வலி இல்லாதவரை ஒன்றுமே இல்லை. மஞ்சள் பற்று போட ஆசைப்பட்டால் போடட்டும், ஜெல் தடவுகிற நேரத்தில் மட்டும் வேண்டாம். ஆபரேஷன் பேச்சை இப்போது எடுக்கவே வேண்டியதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டிப் பத்து எண்ணி இறக்குகிற பயிற்சியை அம்மா ஒரு மாதம் செய்திருக்கிறாரா என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

கோபத்தில் அந்த மாத்திரைக் கவரைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். மெடிக்கலில் மாத்திரைப் பெயர்களை எழுதி வாங்கி, மிச்சம் இருப்பதையும் கவரோடு மருத்துவரிடம் கொண்டு போங்கள்.