குழந்தைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு: இருப்பது போதாதா?

"தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருடத்துக்கு 5 லட்சம் கிடைக்கிறது, அரசு ஆஸ்பத்திரியும் இலவசம், ஏழைக் குழந்தைகளுக்கென்று இதை இன்னும் ஏன் விரிவாக்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். 2019-க்கு முன்னால் கேட்டிருந்தால் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

என் அக்கா மகனுக்கு அப்போது ஒன்றே முக்கால் வயது. குக்கர் விசில் அடித்தால் தொட்டிலில் கிடக்கும் பக்கத்து வீட்டுக் குழந்தை திடுக்கிடும், இவன் பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருப்பான். வீட்டில் பெரியவர்கள், "உங்க மாமனும் நாலு வயசுலதான் பேசினான், வாய் வரும் விடு" என்று ஆறேழு மாதத்தை ஓட்டிவிட்டார்கள். கடைசியில் பரிசோதனை செய்தபோது இரண்டு காதும் கேட்கவில்லை. காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது அறுவை செய்து காதுக்குள் பொருத்துகிற கேட்கும் கருவி, வைக்க வேண்டும், வெளியே செய்தால் 6, 7 லட்சம் ஆகும், காப்பீட்டு அட்டை இருந்தால் இலவசம், ஆனால் ஆறு வயதுக்குள் வைத்தாக வேண்டும், சீக்கிரம் வைத்தால் அவ்வளவுக்கு நல்லது என்றார் டாக்டர்.

அக்காவும் மாமாவும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. மாமா ஓவர்லாக் தையல், அக்கா துணி செக்கிங். பீஸ் ரேட், சனிக்கிழமை சம்பளம், ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டுப் பிடித்தம் கிடையாது. அட்டை வாங்க வருமானச் சான்று வேண்டும், குடும்பத்தின் ஆண்டு வருமானம் அப்போது 72,000-க்குள் இருக்க வேண்டும். அதாவது மாதம் 6,000. திருப்பூரில் இரண்டு பேர் வேலைக்குப் போகிற எந்த வீட்டில் மாதம் 6,000 வரும்? லைன் வீட்டு வாடகை, கரண்ட், பால் எல்லாம் கொடுத்தாலே அது காலி. சான்று கொடுக்க வேண்டியவர் மாமாவை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எழுபத்தி ரெண்டுக்குள்ள போட்டுக்கிறேன்" என்றார். அப்படிப் போட்டதால்தான் இன்று என் மருமகன் பேசுகிறான். அவர் கறாரான ஆளாக இருந்திருந்தால்? 2022-இல் வரம்பை 1,20,000 ஆக்கினார்கள், நல்லதுதான், ஆனாலும் மாதத்துக்குப் பத்தாயிரம்தான். உள்ளதை உள்ளபடி எழுதினால் இன்றைக்கும் அக்கா வீட்டுக்கு அட்டை கிடையாது, 7 லட்சம் புரட்டுகிற சக்தியும் கிடையாது.

2024-இல் மத்திய அரசு ஒரு காரியம் செய்தது. 70 வயது தாண்டிய எல்லோருக்கும், வருமானம் எவ்வளவு என்றே பார்க்காமல், ஆயுஷ்மான் பாரத்தில் 5 லட்சம் காப்பீடு. என் பெரியப்பாவுக்குப் பென்ஷனும் வருகிறது, இதுவும் வரும். அவருக்குக் கொடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் வருமானம் பார்க்காமல் தாத்தாவுக்குக் கொடுக்க முடியும் என்றால் பேரனுக்கு மட்டும் ஏன் அவன் அப்பாவின் சம்பளத்தைத் துருவ வேண்டும்? பெரியவர்களோடு ஒப்பிட்டால் பெரிய ஆபரேஷன் தேவைப்படுகிற குழந்தைகள் கொஞ்சம்தான், அரசுக்குச் செலவும் அந்த அளவுக்கு ஏறாது. 18 வயது வரைக்கும் வருமான வரம்பை எடுத்துவிடலாம், எல்லோருக்கும் முடியாது என்றால் முதலில் ஆறு வயது வரைக்குமாவது எடுக்கட்டும். அமெரிக்காவில் 1997-லேயே குழந்தைகளுக்கென்று தனியாக ஒரு காப்பீட்டுத் திட்டம் கொண்டுவந்தார்கள். மருத்துவச் செலவில் அந்த நாட்டைப் பார்த்து நாம் கற்றுக்கொள்ள அதிகமில்லை, ஆனால் ஒரு விஷயம் பிடித்தது: 2024 முதல் அங்கே பொதுக் காப்பீட்டில் ஒரு குழந்தை சேர்ந்துவிட்டால், நடுவில் பெற்றோரின் வருமானம் கூடினாலும் 12 மாதத்துக்கு வெளியே அனுப்பக் கூடாது.

சரி, இலவச அரசு ஆஸ்பத்திரி இருக்கும்போது காப்பீடு எதற்கு என்ற உங்கள் இன்னொரு கேள்வி. இதில் பாதி நியாயம் இருக்கிறது. காப்பீட்டுப் பணத்தில் தனியார் கொழிப்பது எனக்கும் உறுத்தல்தான். ஆனால் அரசு ஆஸ்பத்திரியில் அறுவை செய்தாலும் அந்தக் காப்பீட்டுப் பணம் அந்த ஆஸ்பத்திரிக்கே போகிறது, அதை வைத்துக் கருவிகள் வாங்குகிறார்கள். காப்பீடு வந்தால் அரசு ஆஸ்பத்திரி போய்விடும் என்பது இல்லை.

நான் குறை சொல்வது வேறு இடத்தில். ஆபரேஷனுக்கு ஒரு ரூபாய் வாங்கவில்லை, ஓராண்டுப் பேச்சுப் பயிற்சியும் திட்டத்திலேயே வந்தது. கருவியை முதன்முதலாக ஆன் செய்த அன்று அக்கா அவன் பெயரைச் சொல்ல, பயந்து வீறிட்டு அழுதான், நாங்கள் சிரித்தோம். அப்புறம்தான் நிஜச் செலவு தொடங்கியது. பயிற்சிக்கு வாரம் இரண்டு நாள் கோயம்புத்தூர், அந்த இரண்டு நாளும் அக்காவுக்குக் கூலி இல்லை, பஸ் காசு தனி. பட்டன் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். நான்காவது வருடம் தலையில் ஒட்டுகிற காந்தத்துக்குப் போகும் ஒயர் விட்டுப் போனது, வாரண்டி முடிந்திருந்தது. அப்போது யாரிடம் கேட்டாலும் "அது திட்டத்துல வராதுங்க" என்றார்கள். லட்சக்கணக்கில் செலவழித்துக் காதுக்குள் வைத்த கருவி ஒரு ஒயருக்காகப் பதினெட்டு நாள் சும்மா கிடந்தது. அந்தப் பதினெட்டு நாளும் அவன் பள்ளிக்கூடத்தில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தான் என்று டீச்சர் சொன்னார்.

ஆகவே 5 லட்சத்தை 10 லட்சமாக்குவதால் குழந்தைகளுக்குப் பெரிதாக ஒன்றும் வந்துவிடாது. படுக்கையில் சேர்ந்தால்தான் காப்பீடு என்கிற அமைப்பு பெரியவர்களின் நோய்க்குச் சரி. குழந்தைக்கு வேண்டியது பெரும்பாலும் படுக்காத வைத்தியம்: பயிற்சி, கண்ணாடி, காதுக் கருவியின் உதிரி பாகம், மாதாமாதம் வாங்குகிற வலிப்பு மாத்திரை. விரிவாக்கம் என்றால் எனக்கு இதுதான்.

இன்னொன்று, உங்கள் வீட்டில் சின்னக் குழந்தை இருந்து நீங்கள் வரம்புக்குள் வந்தால், நோய் வருகிற வரை காத்திருக்காமல் இப்போதே கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட மையத்தில் அட்டை எடுத்துவிடுங்கள். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று கேட்பார்கள். முக்கியமாக, ரேஷன் கார்டில் குழந்தையின் பெயர் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் ஏறவில்லை, அதைச் சேர்க்கவே ஒன்றரை மாதம் போனது.