கண்ணை மூடினாலும் கை இருக்குமிடம் தெரிகிறதே, எப்படி?

உடலின் நிலையுணர்வு பற்றிய கேள்விகளுக்குக் காரைக்குடி இயன்முறை மருத்துவர் ஒருவரின் பதில்கள்.

கேள்வி (ஆத்தங்குடி): தரைக்கல் பட்டறையில் வேலை பார்க்கிறேன். கண்ணாடிமேல் சாயச் சிமெண்டை ஊற்றும்போது என் கண் பூ வடிவத்தின் ஓரத்தில்தான் இருக்கும். முழங்கையை நான் பார்ப்பதே இல்லை. அது எப்படித் தவறாமல் போகிறது?

பதில்: உங்கள் தசைகளுக்குள், நாரோடு நாராகத் தசைக்கதிர்கள் என்ற உணர்கருவிகள் கிடக்கின்றன, சில மில்லிமீட்டர் நீளம்தான். தசை எவ்வளவு நீண்டது, எவ்வளவு வேகமாக நீள்கிறது என்ற இரண்டையும் அவை மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். கரண்டியில் சாந்து குறையக் குறையக் கை லேசாவது தெரிகிறதல்லவா? அதற்குத் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணில் உள்ள கோல்கி உறுப்புகள் உதவுகின்றன. அவை அளப்பது இழுவிசையை. இந்தப் புலனுக்கு 1906-இல் பெயர் சூட்டியவர் நரம்பியல் அறிஞர் ஷெரிங்டன். இழுபடுவதை நரம்புச் செய்தியாக மாற்றும் பியசோ2 புரதத்தைக் கண்டறிந்த அறிவியலாளர் பட்டபூட்டியன் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கேள்வி (பள்ளத்தூர்): பல வருடமாகச் சர்க்கரை. இரவில் வீட்டு வளவை (உள்முற்றத்தை) தாண்டும்போது தள்ளாடுகிறது. வயதாகிவிட்டது என்கிறார்கள்.

பதில்: அப்படி விட்டுவிடாதீர்கள், ஆச்சி. முகம் கழுவக் கண்ணை மூடியதும் உடல் சாய்கிறதா? சாய்ந்தால், பாதம் அனுப்ப வேண்டிய செய்தி சரியாக வரவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். பகலில் கண் அந்தக் குறையை ஈடுகட்டிவிடும். இருட்டில்தான் அது வெளிப்படும். சர்க்கரை கால் நரம்புகளைக் கெடுக்கும். வைட்டமின் பி12 குறைந்தாலும் இதே தொல்லை வரும். சர்க்கரைக்காக நெடுநாள் மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையலாம் என்பதால், அந்த இரத்தப் பரிசோதனையை மருத்துவரிடம் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். அதுவரை இரவு விளக்கு எரியட்டும். உயரமான நிலைப்படிகளைத் தாண்டும்போது எதையாவது பிடித்துக்கொள்ளுங்கள். பாதத்தில் புண் இருக்கிறதா என்று தினமும் பாருங்கள். வலி தெரியாமலே புண் வளரும்.

கேள்வி (தேவகோட்டை): பழனிக்கு நடந்தபோது கணுக்கால் பிசகியது. வீக்கம் வற்றியும் மறுபடி மறுபடி பிசகுகிறதே?

பதில்: எலும்புகளைப் பிணைக்கும் தசைநார் கிழியும்போது அதிலுள்ள உணர்முனைகளும் அடிபடுகின்றன, கால் மடங்குவது தாமதமாகத் தெரிகிறது. கட்டுப் போட்டதோடு பலர் நிறுத்திவிடுவது எனக்கு வருத்தம். வலி இல்லாவிட்டால், சுவரோரம் அந்த ஒற்றைக்காலில் அரை நிமிடம் நின்று பழகுங்கள். அது எளிதான பிறகு கண்ணை மூடி நில்லுங்கள்.

கேள்வி (கல்லூரி மாணவர்): தூங்கி எழும்போது கை எங்கே கிடக்கிறது என்றே தெரிவதில்லை. பயமாக இருக்கிறது.

பதில்: நரம்பு அழுந்தியிருக்கும், தம்பி. சில நிமிடங்களில் உணர்வு திரும்பிவிட்டால் பயமில்லை. திரும்பாவிட்டாலோ, பேச்சு குழறினாலோ, முகம் கோணினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.