டிரெட் ஸ்காட் வழக்கும் நீதிபதிகளின் கடிதங்களும்: கேள்வி பதில்

டிரெட் ஸ்காட் என்ற அடிமை விடுதலை கேட்டுத் தொடுத்த வழக்கை 1857 மார்ச் 6 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7–2 என்று தள்ளியது. கறுப்பர்கள் அமெரிக்கக் குடிமக்களாக முடியாது, புதிய ஆட்சிப் பகுதிகளில் அடிமை முறையைத் தடுக்க காங்கிரசுக்கு (அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு) அதிகாரமில்லை என்றும் சொன்னது. அந்த நீதிபதிகளின் கடிதங்கள் பற்றித்தான் இன்றைய கேள்விகள்.

கேள்வி: தீர்ப்பு அதிபருக்கு முன்பே தெரியுமாமே?

பதில்: தெரியும். கடிதமே இருக்கிறது. அதிபராகப் பதவியேற்கக் காத்திருந்த ஜேம்ஸ் புக்கானன், வழக்கு எப்போது முடியும் என்று பிப்ரவரியில் நீதிபதி ஜான் கேட்ரனைக் கேட்டார். கேட்ரன் சும்மா இருக்கவில்லை. பெரும்பான்மையோடு சேரத் தயங்கிய நீதிபதி ராபர்ட் கிரையருக்கு ஒரு வரி எழுதுங்கள் என்று 19-ஆம் தேதி யோசனை சொன்னார். கிரையரும் புக்கானனைப் போல பென்சில்வேனியாக்காரர். புக்கானன் எழுதிவிட்டார். 23-ஆம் தேதி கிரையரின் பதில் வந்தது. 'உங்கள் கடிதத்தைத் தலைமை நீதிபதி டானிக்கும் நீதிபதி வெய்னுக்கும் காட்டினேன், நானும் அவர்களோடு சேர்கிறேன், தீர்ப்பு மார்ச் 6-க்கு முன் வராது, இந்த முடிவில் நாங்கள் காட்டும் அக்கறையின் காரணம் மற்ற நீதிபதிகளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வோம்' என்பது அதன் சாரம். மார்ச் 4 பதவியேற்பு உரையில் புக்கானன், தீர்ப்பு எதுவானாலும் மனமுவந்து பணிவேன் என்று ஒன்றும் அறியாதவர்போலப் பேசினார்.

பழைய கடிதம் எதை எடுத்தாலும் முதலில் தேதியைப் பாருங்கள்.

கேள்வி: பதவியேற்பு மேடையில் டானி புக்கானன் காதில் ஓதியதுதானே சதி?

பதில்: மேடை மார்ச் 4. கிரையர் கடிதம் பிப்ரவரி 23. அதற்குமேல் காதில் ஓத என்ன மிச்சம்?

கேள்வி: கிரையர் விலைபோனார் என்று நேராகச் சொல்ல வேண்டியதுதானே?

பதில்: காசு கைமாறியதற்குச் சான்று இல்லை. ஆனால் நடந்தது தவறு. நிலுவையில் உள்ள வழக்கில் நீதிபதியின் மனத்தை அசைக்க அதிபராகப் போகிறவர் கடிதம் போடுகிறார். அதை வாங்கிய நீதிபதி கண்டிக்காமல் உள்விவரம் சொல்கிறார்.

கேள்வி: மறுப்புத் தீர்ப்பு எழுதிய கர்டிசும் மக்லீனும்தான் விவகாரத்தைப் பெரிதாக்கினார்கள் என்று கிரையரே எழுதியிருக்கிறாரே! அவர்களை ஏன் விட்டுவிடுகிறீர்கள்?

பதில்: சகோதரரே, அது கிரையர் தன் பக்கத்துக்குச் சொன்ன நியாயம். கடிதத்தில் இருப்பதால் மட்டும் அது சாட்சியம் ஆகிவிடாது. வழக்கைச் சுருக்கமாக முடிக்கத்தான் முதலில் முடிவானது, எழுதும் வேலை நீதிபதி நெல்சனிடம் போனது. பிறகு எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்வோம் என்று திரும்பியவர்கள் பெரும்பான்மையினர். அந்த இருவர் விரிவாக எழுதப் போகிறார்கள் என்பது அவர்களுக்கு ஒரு சாக்காக இருந்திருக்கலாம், கட்டாயம் அல்ல. சாட்டுவதற்கு ஆள் தேடும் கடிதத்தை அப்படியே நம்புவதா?

கேள்வி: டானி – கர்டிஸ் சண்டை?

பதில்: எனக்கு மிகப் பிடித்த பகுதி. கர்டிஸ் தன் மறுப்பை உடனே பாஸ்டன் பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டார். டானியோ அவையில் வாசித்த தீர்ப்பை அச்சுக்கு விடாமல் வைத்துத் திருத்திக்கொண்டிருந்தார். ஒரு பிரதி வேண்டும் என்று கர்டிஸ் எழுத்தரிடம் கேட்டார். அச்சாகும்வரை யாருக்கும் கொடுக்கக்கூடாது என்று உத்தரவு. அதே நீதிமன்றத்தின் நீதிபதிக்கே பிரதி இல்லை! நேராக டானிக்கு எழுதினார். ‘தீர்ப்பை நீங்கள் கேட்பது அதைத் தாக்குவதற்கு’ என்ற தொனியில் பதில் வந்தது. மாதக்கணக்கில் கடிதம் பறந்தது. அச்சில் வந்ததும் கர்டிஸ் ஒப்பிட்டு, 18 பக்கத்துக்குமேல் புதிதாகச் சேர்ந்திருப்பதாகக் குறித்துவைத்தார். செப்டம்பரில் ராஜினாமா. 6,000 டாலர் சம்பளம் குடும்பத்துக்குப் போதவில்லை என்பதும் ஒரு காரணம்தான்.

டானியும் கர்டிசும் எழுதிக்கொண்ட கடிதங்கள் 1879-இல் கர்டிசின் மகன் கொண்டுவந்த நூலில் கிடைக்கும். பிள்ளை தொகுத்தது என்பதை மறக்காமல் படியுங்கள்.

கேள்வி: மேடையில் டானி காதில் சொன்னது பற்றி…

பதில்: மேலே பார்க்கவும்.

கேள்வி: லிங்கனுக்கு புக்கானன் விவகாரக் கடிதங்கள் தெரியுமா?

பதில்: தெரியாது. அவை அச்சேறியதே 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். ஆனாலும் 1858-இல் அவர் டானியையும் புக்கானனையும் முதல் பெயர் சொல்லியே, ஒரே வீட்டுக்கு மரம் இழைத்த தச்சர்கள் என்று குற்றம்சாட்டினார்.