அப்பாவுக்கு ஆகஸ்டிலேயே ஃப்ளூ ஊசி போட்டுவிடலாமா?

கேள்வி இதுதான்: “எழுபத்திரண்டு வயது அப்பா சென்னையிலிருந்து நியூ ஜெர்சிக்கு வந்து எங்களோடு இருக்கிறார். ஆகஸ்ட் பிறந்ததுமே பார்மசியில் ஃப்ளூ ஊசி போர்டு வைத்துவிட்டார்கள். இப்போதே போட்டுவிடலாமா? வயதானவர்களுக்கு அதன் பலன் சீக்கிரம் குறைந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?”

உண்மைதான், குறையும். அப்பா குளிர்காலம் முழுக்க உங்களோடு இருக்கப்போகிறார் என்றால் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ போடுங்கள். இடையில் சென்னைக்குத் திரும்புகிறார் என்றால் கணக்கு வேறு. அதைப் பிறகு சொல்கிறேன், நம்மில் பலர் கோட்டைவிடுவது அங்கேதான்.

நான் நியூ ஜெர்சியில் ஒரு பார்மசியில் மருந்தாளுநராக இருக்கிறேன். இங்கே ஊசி போடுவதும் எங்கள் வேலை. ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியவர்கள் மகனோ மகளோ துணைக்கு வர, முழுக்கைச் சட்டையைத் தோள்வரை சுருட்ட முடியாமல் இரண்டு பொத்தானைக் கழற்றிக்கொண்டே கேட்பது ஒரே கேள்விதான்: “போன வருஷம்தானேம்மா போட்டேன், அது என்னாச்சு?” நியாயமான கேள்வி. சின்ன வயதில் போடும் தட்டம்மைத் தடுப்பூசி பெரும்பாலும் ஆயுசு முழுக்கத் தாங்குகிறதே, இது மட்டும் ஏன் வருஷா வருஷம்?

இரண்டு காரணம். ஒன்று, ஃப்ளூ வைரஸ் ஓயாமல் உருமாறும். அதனால் உலக சுகாதார நிறுவனம் வருஷத்துக்கு இரண்டு முறை, பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கும் செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கும், எந்த வகைகளை ஊசியில் சேர்ப்பது என்று புதிதாகப் பரிந்துரைக்கிறது. இது பலருக்கும் தெரியும்.

இரண்டாவது காரணம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வைரஸ் மாறாமலே இருந்தாலும் நம் உடம்பில் ஊசி உண்டாக்கிய எதிர்ப்பு சக்தி வடிந்துகொண்டே போகும். எதிர்ப்புப் புரதங்களைச் சுரக்கும் செல்கள் எலும்பு மஜ்ஜையில் போய்த் தங்க வேண்டும், தங்கினால்தான் நீண்ட நாள் பாதுகாப்பு. ஃப்ளூ ஊசி போட்டவர்களின் மஜ்ஜையை எடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2020-இல் வெளிவந்தது. ஊசியால் புதிதாக உண்டான செல்கள் அங்கே வந்து சேர்ந்தாலும் பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குள் காணாமல் போயிருந்தன. முதுமையில் இதோடு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. புதிய கிருமியை எதிர்கொள்ளும் செல்களே உடம்பில் குறைந்துபோவதால் தொடக்கத்தில் கிடைக்கும் பாதுகாப்பே இளைஞர்களுக்குக் கிடைப்பதைவிடக் கம்மி. கம்மியாகத் தொடங்கி அதிலிருந்தும் இறங்கினால் என்ன மிஞ்சும்?

எவ்வளவு வேகமாக இறங்குகிறது? அமெரிக்காவில் 2011 முதல் 2015 வரை நான்கு ஃப்ளூ பருவங்களில், காய்ச்சல் சளியோடு கிளினிக்குக்கு வந்தவர்களை வைத்துச் செய்த ஆய்வில், ஊசியின் பலன் மாதத்துக்கு ஏறத்தாழ 7 விழுக்காடு குறைவதாகத் தெரிந்தது. அதற்கு அடுத்த பருவங்களில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களிடம் பார்த்தபோது, 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இறக்கம் அதைவிடக் கொஞ்சம் வேகமாக, மாதத்துக்குச் சுமார் 10 விழுக்காடு என்று வந்தது. இந்த எண்களை அப்படியே கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சீக்கிரமே வந்து போட்டுக்கொள்கிறவர்களும் தாமதமாக வருகிறவர்களும் உடல்நிலையிலும் பழக்கத்திலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. அதனால் இறக்கம் உள்ளதைவிட அதிகமாகத் தெரியலாம் என்று சில ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள், அதில் அர்த்தமும் இருக்கிறது. ஆனால் இறங்குகிறது என்பதில் பெரிய சர்ச்சை இல்லை. முதல் ஆய்விலேயே ஐந்தாறு மாதம் கழித்தும் ஓரளவு பலன் மிஞ்சியிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இப்போது காலண்டரைப் பாருங்கள். அமெரிக்காவில் ஃப்ளூ உச்சத்துக்குப் போவது பெரும்பாலும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. பல வருஷங்களில் பிப்ரவரிதான் உச்சம். ஆகஸ்ட் முதல் வாரம் போட்ட ஊசிக்குப் பிப்ரவரியில் ஆறு மாதம் ஆகியிருக்கும். அதனால்தான் சிடிசி எனப்படும் நோய்க் கட்டுப்பாட்டு மையம், 65 வயதைத் தாண்டியவர்கள் ஜூலை, ஆகஸ்டில் போடுவதைத் தவிர்க்கச் சொல்கிறது. செப்டம்பர், அக்டோபரே நல்ல நேரம் என்கிறது. பின்னால் வர முடியாது என்ற நிலை இருந்தால் மட்டும் ஆகஸ்டிலும் போடலாம் என்று விலக்கு வைத்திருக்கிறார்கள். ஊசி போட்டு எதிர்ப்பு சக்தி உருவாக இரண்டு வாரம் ஆகும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் “தள்ளிப் போடலாம்” என்று போனவர்களில் சிலர் கடைசிவரை வருவதே இல்லை. அப்பாவை அக்டோபரில் கூட்டிவர முடியுமா என்று உங்களுக்கே சந்தேகமாக இருந்தால் செப்டம்பர் தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள். போடாமல் விடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

எந்த ஊசி என்பதும் முக்கியம். 65-க்கு மேல் மூன்று வகைகளில் ஒன்றைப் போடும்படி 2022-இலிருந்து பரிந்துரை இருக்கிறது: ஃப்ளூசோன் ஹை டோஸ், ஃப்ளூஆட், ஃப்ளூபிளாக். ஹை டோஸில் வழக்கமான ஊசியைப் போல நான்கு மடங்கு மருந்துப் பொருள். 2014-இல் வெளிவந்த பெரிய ஒப்பீட்டுச் சோதனையில், சாதாரண ஊசி போட்ட முதியவர்களைவிட இதைப் போட்டவர்களுக்கு ஃப்ளூ சுமார் 24 விழுக்காடு குறைவாக வந்தது. கையில் வலியும் வீக்கமும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், ஓரிரு நாளில் சரியாகிவிடும். கவுண்டரில் “சீனியர் டோஸ் வேண்டும்” என்று வாய்விட்டுக் கேளுங்கள். விசிட்டர் இன்சூரன்ஸ் பெரும்பாலும் இதற்குப் பணம் தராது, எனவே விலையை முதலிலேயே கேட்டுவிடுங்கள். அந்த மூன்றும் கிடைக்காவிட்டால் அவர் வயதுக்கு ஏற்ற சாதாரண ஊசியையே போட்டுக்கொள்ளலாம்.

சரி, சென்னை விஷயம். இந்தியா முழுக்க ஃப்ளூ ஒரே நேரத்தில் வருவதில்லை. டெல்லி, புனே, கொல்கத்தா பக்கம் தென்மேற்குப் பருவமழையோடு ஜூலை முதல் செப்டம்பர் வரை ஏறும். ஸ்ரீநகரில் ஜனவரி முதல் மார்ச். சென்னையிலும் வேலூரிலும் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி அக்டோபர், நவம்பர். ஆறு மாத விசாவில் வந்த அப்பா அம்மாக்களில் பலர் தீபாவளிக்கு ஊரில் இருக்க வேண்டும் என்று அக்டோபரில் விமானம் ஏறுகிறார்கள். இங்கே ஃப்ளூ தொடங்கும் முன்பே கிளம்பி, அங்கே அது ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் போய் இறங்குகிறார்கள். “இங்கேதான் குளிர்காலம், ஊருக்குப் போனால் என்ன வரும்” என்று ஊசி போடாமல் அனுப்புவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. உங்கள் அப்பாவும் அக்டோபரில் கிளம்புகிறார் என்றால் செப்டம்பர் முதல் பாதியில் போட்டு அனுப்புங்கள். ஆகஸ்ட் கடைசியிலேயே கிளம்புகிறார் என்றால் ஆகஸ்டில் போடுவதில் தவறே இல்லை, அந்த விலக்கு இவரைப் போன்றவர்களுக்கும்தான்.

கிளம்பும் முன் ஏப்ரலிலோ மேயிலோ சென்னையிலேயே போட்டுக்கொண்டு வந்து, குளிர்காலத்துக்கும் இங்கேயே இருக்கிறார் என்றால், இந்தப் பருவத்து ஊசியை இங்கே மறுபடி போட வேண்டும். ஆனால் ஏற்கெனவே ஆகஸ்டில் இங்கே போட்டாகிவிட்டது என்றால் பயந்துகொண்டு டிசம்பரில் இன்னொன்று போட ஓடாதீர்கள். பெரியவர்களுக்கு ஒரு பருவத்துக்கு ஒரு ஊசி என்பதுதான் இப்போதைய வழிமுறை.

அப்பாவுக்கு இதயக் கோளாறோ சர்க்கரையோ இருந்தால் இதில் அலட்சியம் வேண்டாம். ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாளில் மாரடைப்பு வரும் வாய்ப்பு ஆறு மடங்கு ஆவதாக கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து ஆய்வு ஒன்று 2018-இல் காட்டியது. ஊசி போட்டவருக்கும் ஃப்ளூ வரலாம். வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல், சாப்பாடு வேண்டாம் என்பதும் திடீரென்று சோர்ந்து படுப்பதும் திடீரென்று மனம் தடுமாறிக் குழப்பமாக இருப்பதுமாக அது தொடங்கலாம். அப்படி இருந்தால் இரண்டு நாள் பார்க்கலாம் என்று பாராசிட்டமாலோடு நிறுத்திவிடாமல் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். ஃப்ளூவுக்கான ஒசெல்டமிவிர் மாத்திரை அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன் தரும். டாக்டர் எழுதிக் கொடுத்தால் அது சென்னையிலும் கிடைக்கும்.