ஆகஸ்ட் மாதத் தீவுப் பயணம்: திரும்பி வரும் கப்பலை முதலில் பாருங்கள்

அன்புள்ள தம்பி,

ஆகஸ்ட் 15 மாதா திருநாள் விடுமுறையை ஒட்டி மனைவியையும் நான்கு வயதுக் குழந்தையையும் அழைத்துக்கொண்டு மூன்று நாள் சான்டோரினித் தீவுக்குப் போய்வர நினைப்பதாகவும், 17ஆம் தேதி மாலை அதிவேகக் கப்பலில் ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸ் திரும்பி, 18ஆம் தேதி காலை வதிவிட அனுமதிக்காகக் கைரேகை பதியப் போக வேண்டியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எந்த ஓட்டலில் தங்கலாம், சூரியன் மறைவதை எங்கே நின்று பார்த்தால் படம் நன்றாக வரும், நம் ஊர்ச் சாப்பாடு கிடைக்குமா, சான்டோரினிக்குப் பதிலாகக் கோஸ் தீவுக்குப் போனால் ஒரு நாள் துருக்கியையும் பார்த்துவிட முடியுமா என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். ஓட்டலைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. கையில் இருக்கும் பணத்துக்கு ஏற்ற அறையை நீங்களே கைபேசியில் தேடிக்கொள்வீர்கள். என் கண்ணை உறுத்துவது, திரும்பி வருவதற்கும் கைரேகை பதிவதற்கும் நடுவே நீங்கள் விட்டிருக்கும் அந்த ஒரே ஓர் இரவுதான்.

கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் நடுவே உள்ள ஏஜியன் கடலில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வடக்கிலிருந்து மெல்தேமி என்ற காற்று வீசும். நம் ஊர் ஆடிக்காற்றுக்கு இதைத் தூரத்து உறவு என்றே சொல்லலாம். கோடையில் தெற்காசியாவின் மேல் உருவாகும் பருவமழைத் தாழ்வழுத்தத்தின் மேற்கு நுனி ஈரான் வழியாகத் துருக்கி வரை நீண்டுவிடுகிறது. பால்கன் பக்கம் உயர் அழுத்தம் நிற்கிறது. இரண்டுக்கும் இடையில் அகப்பட்ட ஏஜியன் கடலின் மேல் காற்று தெற்கு நோக்கிப் பாய்கிறது. மழையில்லாமல் மண்ணை வாரி இறைக்கும் காற்று தூத்துக்குடிக்காரனான எனக்குப் பழக்கமானது. சென்னைக்காரரான உங்களுக்குக் கடல் சீற்றம் என்றால் நவம்பர் மாதத்துக் கறுத்த மேகம்தான் நினைவுக்கு வரும் என்பதால், மேகமே இல்லாத நீல வானத்தைப் பார்த்துவிட்டுக் கப்பல் ஏன் புறப்படவில்லை என்று துறைமுகத்தில் சண்டைக்கு நிற்பீர்கள். அப்படி நின்றவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

காற்று, அதன் வலிமையைக் குறிக்கும் போஃபோர்ட் அளவில் 8ஐத் தொடும் என்று அறிக்கை வந்தால், துறைமுகக் காவல்படை பொதுவாகக் கப்பல்கள் புறப்படத் தடை விதித்துவிடும். அதிவேகக் கப்பல்களுக்கு அதற்கும் குறைந்த காற்றிலேயே தடை வந்துவிடுகிறது. நீங்கள் திரும்பத் தேர்ந்தெடுத்திருப்பது அந்த வகைக் கப்பலைத்தான். இந்தத் தடையை இங்குள்ளவர்கள் 'அபகோரெஃப்திகோ' என்பார்கள். அதைக் கேட்டதும் கிரேக்கர்கள் முணுமுணுத்துவிட்டுக் காபிக் கடைக்குப் போய்விடுவார்கள், ஏனென்றால் அதன் காரணம் அவர்களுக்குத் தெரியும். 2000 செப்டம்பர் 26ஆம் தேதி இரவு, பலத்த காற்றில், 'எக்ஸ்பிரஸ் சமீனா' என்ற பயணிகள் கப்பல் பாரோஸ் தீவின் துறைமுகத்துக்கு வெளியே எல்லோருக்கும் தெரிந்த பாறைகளில் மோதி மூழ்கி, 80 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அதன் பிறகு விதிகள் இறுகின. தடை வந்தால் டிக்கெட் பணம் திரும்பக் கிடைக்கும், அல்லது அடுத்த கப்பலில் மாற்றித் தருவார்கள். ஆனால் ஆகஸ்ட் 15ஐ ஒட்டிய வாரத்தில் அந்த அடுத்த கப்பலில் இடம் இருக்காது. வானிலையால் நின்றுபோன பயணத்துக்கு நீங்கள் தங்கும் இரவின் செலவைக் கப்பல் கம்பெனி தர வேண்டியதும் இல்லை. கடைசி நேர விமானச் சீட்டின் விலையைப் பார்த்தால் உங்கள் மாதச் சம்பளம் கண்முன் வந்து நிற்கும்.

ஓர் இரவு தவறினால் என்ன ஆகிவிடும் என்று நீங்கள் நினைக்கலாம். கைரேகை நாள் தவறினால் மறுநாளே வரச்சொல்லும் அலுவலகத்தை இந்த நாட்டில் நான் பார்த்ததில்லை. நான் இங்கே வந்த விதமே வேறு. எங்கள் கப்பலின் முதலாளி சம்பளத்தைக் கொடுக்காமல் கப்பலை ஏதென்ஸுக்கு அருகே எலெஃப்சினா விரிகுடாவில் நங்கூரமிட்டுவிட்டுக் காணாமல் போனார். எஞ்சின் அறையில் பிட்டராக இருந்த நான், துருப்பிடித்து நின்ற கப்பல்களின் வரிசையைப் பார்த்துக்கொண்டே ஒரு குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, பெராமாவில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறைகளின் வாசலில் வேலை கேட்டு நின்றேன். மொழி தெரியாது, இங்கே தங்குவதற்கான அனுமதித் தாள் கிடையாது. 1998ஆம் ஆண்டு கிரேக்க அரசு முதன்முதலாகத் தாளில்லாதவர்களைப் பதிவு செய்ய முன்வந்தபோது, ஒரு சான்றுக்காக விடிவதற்கு முன் போய் வரிசையில் நின்ற கூட்டத்தில் நானும் ஒருவன். உங்கள் தலைமுறைக்கு எல்லாம் கைபேசியில் வந்துவிடுகிறது. அதனாலேயே ஒரு தேதியின் மதிப்பு தெரியாமல் போகிறதோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. ஆகவே ஒன்று, 16ஆம் தேதியே திரும்பிவிடுங்கள். இல்லையென்றால் கைரேகை முடிந்த பிறகு புறப்படுங்கள். இதில் நடுவழி எதுவும் கிடையாது.

துருக்கிப் பயணத்தை அடியோடு மறந்துவிடுங்கள். கோஸ் தீவிலிருந்து போட்ரும் ஊருக்குப் படகில் ஒரு மணி நேரம்கூட ஆகாது என்பதும், டிக்கெட் விலை குறைவு என்பதும் உண்மை. போவது எளிது. ஆனால் படகில் ஏறும்போதே ஐரோப்பிய நாடுகள் பல பொதுவாக வைத்திருக்கும் ஷெங்கன் எல்லையைத் தாண்டி வெளியேறுகிறீர்கள். உங்கள் மனைவி, தேசிய விசாவின் காலம் முடிந்து, வதிவிட அனுமதிக்கு விண்ணப்பித்ததற்கான சான்றை மட்டும் கையில் வைத்திருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சான்று கிரேக்கத்துக்குள் இருக்கத்தான் உதவும். வெளியே போய்த் திரும்பி நுழைய உதவாது. மாலையில் போட்ரும் துறையில் குழந்தையோடு நீங்கள் படகில் ஏறவும், அவர் கரையில் நிற்கவும் நேரும். கிரேக்கத் தீவுகளுக்கு இடையே போய்வர அந்தச் சான்று போதும். ஆனால் நகலை வீட்டில் வைத்துவிட்டு, மூலத்தையும் பாஸ்போர்ட்டையும் கையோடு கொண்டு செல்லுங்கள். துருக்கிக் கரையை ஒட்டிய தீவுகளின் துறைமுகங்களில் நம் நிறத்தவர்களை நிறுத்திக் கேட்பது வழக்கம். அது எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது, இத்தனை ஆண்டுகள் வரி கட்டிய பிறகும்.

இதையெல்லாம் இங்கே எனக்கு முன்னால் வந்த எவரும் சொல்லித்தந்ததில்லை. நம்மவர்களில் ஒரு வகையினர் உண்டு: கப்பல் கம்பெனி அலுவலகத்தில் குளிரூட்டிய அறையில் பல ஆண்டுகள் இருந்தும் கிரேக்க மொழியில் காற்று என்ற சொல்லைக்கூடக் கற்றிருக்கமாட்டார்கள், ஆனால் சான்டோரினியின் நீலக் குவிமாடத்துக்கு முன்னால் நின்ற படத்தை எல்லாக் குழுக்களிலும் போட்டுவிட்டு, போய்வருவது வெகு சுலபம் என்று புதியவர்களுக்கு அறிவுரை சொல்வார்கள். அவர்கள் போனது மே மாதமாக இருக்கும். ஏதென்ஸில் ஓமோனியா பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் வங்காளதேசத்துக்காரர்கள் இவர்களைவிட எவ்வளவோ மேல். தெரியாததைத் தெரியாது என்பார்கள், தெரிந்ததைக் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் காட்டுவார்கள்.

கப்பலில் ஏறுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரேயஸ் துறைமுகம் மிகப் பெரியது. வாயில்கள் விரிகுடாவைச் சுற்றிப் பரந்து கிடப்பதால், தவறான வாயிலுக்குப் போய்விட்டால் குழந்தையையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு அரை மணி நேரம் நடக்க வேண்டிவரும். டிக்கெட்டில் உள்ள வாயில் எண்ணை முதல் நாளே பார்த்துவைத்து, முக்கால் மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். பின்புறத்துச் சாய்தளம் தூக்கப்படும் நேரத்தில் ஓடிப்போய் ஏறலாம் என்று நினைக்கவே கூடாது. 2023 செப்டம்பரில் இதே பிரேயஸில், புறப்பட்டுக்கொண்டிருந்த கப்பலில் ஏற முயன்ற ஒரு பயணியைக் கப்பல் ஊழியர்கள் தள்ளிவிட, அவர் கடலில் விழுந்து இறந்தார். போகும்போது பெரிய சாதாரணக் கப்பலிலேயே போங்கள். சான்டோரினிக்கு ஏறக்குறைய எட்டு மணி நேரம் ஆகும்; அதிவேகக் கப்பல் ஐந்து மணி நேரத்தில் கொண்டுவிடும், ஆனால் மூடிய அறைக்குள் அலையின் குலுக்கலில் உட்கார்ந்திருக்கும் அந்த ஐந்து மணி நேரம் சிறு குழந்தைக்குத் தண்டனை. பெரிய கப்பலில் திறந்த மேல்தளம் உண்டு, காற்று வாங்கிக்கொண்டே பாரோஸ், நக்ஸோஸ் தீவுகளைப் பார்த்தபடி போகலாம்.

நாற்சக்கர மோட்டார் வண்டியை வாடகைக்கு எடுக்கும் எண்ணம் இருந்தால் அதையும் கைவிடுங்கள். இந்திய உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். அது இல்லாமலே வண்டி தரும் கடைகளும் உண்டு, ஆனால் விபத்து நடந்தால் காப்பீடு கைகழுவிவிடும். சான்டோரினியின் முக்கிய ஊரான ஃபிராவிலிருந்து எல்லா ஊர்களுக்கும் பேருந்து போகிறது.

சூரியன் மறைவதைப் பார்க்க எங்கே நிற்பது என்றால், இயா ஊரில் கூட்டம் நிற்கும் இடத்தில் நின்றுகொள்ளுங்கள், வேறு வழியில்லை. அதற்குச் செலவிடும் நேரத்தில் பாதியை அக்ரோதீரிக்குக் கொடுத்தால் நன்றாக இருக்கும். 1967இல் தோண்டத் தொடங்கிய அந்த ஊர், ஏறக்குறைய 3,600 ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பலில் புதைந்தது. மாடி வீடுகளும், தானியம் வைத்த பெரிய தாழிகளும், கழிவுநீர்க் கால்வாய்களும் அப்படியே இருக்கின்றன. கூரைக்கு அடியில் இருப்பதால் குழந்தைக்கு வெயிலும் படாது. நிலநடுக்கத்தைப் பற்றி அஞ்சியிருந்தீர்கள்; 2025 பிப்ரவரியில் தொடர்ந்து நிலம் அதிர்ந்து ஆயிரக்கணக்கானோர் சான்டோரினியை விட்டு வெளியேறியது உண்மைதான், ஆனாலும் உங்கள் பயணத்தைக் கெடுக்கக்கூடியது காற்றுதான் என்பேன்.

என்னைக் கேட்டால், ஆகஸ்ட் 15 அன்று தூரத்துத் தீவு எதற்கும் போக வேண்டாம். அன்று மாதா விண்ணேற்பு நாள். ஏதென்ஸ் முழுவதும் காலியாகித் தீவுகளில் போய் நிற்கும். இதற்கு ஒரே விதிவிலக்கு, திருவிழாவுக்காகவே டினோஸ் தீவுக்குப் போகிறவர்கள். ஆகஸ்ட் 5ஆம் தேதி பனிமய மாதா கோவில் திருவிழா நடக்கும் ஊரில் பிறந்த என் தாயார், ஒரு கோடையில் இங்கே வந்திருந்தபோது, ரஃபினா துறைமுகத்திலிருந்து அவரை டினோஸுக்கு அழைத்துப்போனேன். 1823இல் மண்ணுக்கடியில் கண்டெடுக்கப்பட்ட மாதா படத்தை வைத்திருக்கும் கோவிலுக்கு, துறைமுகத்திலிருந்து மேட்டுத் தெருவில் விரித்த கம்பளத்தின் மேல் பெண்கள் முழங்காலிலும் கைகளிலும் ஊர்ந்துபோவதைக் கண்டதும், மொழி தெரியாத அவர் அருகில் நின்ற ஒரு கிழவியின் கைப்பையை வாங்கிக்கொண்டு, அந்தக் கிழவி ஊர்ந்துபோக, பக்கத்திலேயே நடந்து போனார். கோவில் வாசலில் பையைத் திருப்பிக் கொடுத்தபோது இருவரும் ஏதோ பேசிக்கொண்டார்கள். என்ன பேசினார்கள் என்று இருவருமே என்னிடம் கேட்கவில்லை. அந்த இரவு எங்களுக்கு அறை கிடைக்கவில்லை, ஆயிரக்கணக்கானோரைப்போல நாங்களும் கோவில் முற்றத்தில் போர்வை விரித்துப் படுத்தோம். நான்கு வயதுக் குழந்தையோடு நீங்கள் அதைச் செய்யத் தேவையில்லை.

சுற்றிப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால், ஆகஸ்ட் 15 அன்று பக்கத்திலிருக்கும் ஏகினா தீவுக்குக் காலையில் போய் மாலையில் வாருங்கள். பிரேயஸிலிருந்து சாதாரணக் கப்பலில் ஒன்றேகால் மணி நேரம்; சரோனிக் வளைகுடா ஓரளவு மறைவான கடல் என்பதால் கப்பல் நிற்பது அபூர்வம், நாளெல்லாம் கப்பல் உண்டு. அங்கே பழங்கால அஃபையா கோவிலைப் பாருங்கள், பிஸ்தா வாங்குங்கள். சான்டோரினியைச் செப்டம்பர் நடுப்பகுதிக்குத் தள்ளிவையுங்கள். காற்று தணிந்திருக்கும், கடல் நீரில் வெதுவெதுப்பு இருக்கும், அறை விலையும் இறங்கத் தொடங்கியிருக்கும். அறைக்கான பணத்தோடு, ஓட்டலின் தரத்தைப் பொறுத்து ஓர் இரவுக்கு 2 முதல் 15 யூரோ வரை அரசுக் கட்டணம் தனியாகக் கேட்பார்கள். அது ஏமாற்று அல்ல. சான்டோரினியில் குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள்.

நம் ஊர்ச் சாப்பாட்டைத் தேடி அலைய வேண்டாம். நீங்கள் சைவம் என்பதால் சான்டோரினியின் ஃபாவாவைக் கேளுங்கள். அந்தத் தீவிலேயே விளையும் ஒரு பருப்பை வேகவைத்து மசித்து, ஆலிவ் எண்ணெயும் வெங்காயமும் போட்டுத் தருவார்கள். ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து 14 வரை இவர்களுக்கு நோன்புக் காலம் என்பதால் இறைச்சியும் பாலும் இல்லாத உணவு பல கடைகளில் கிடைக்கும். ஆனால் நோன்பு உணவில் கணவாயும் சிப்பியும் சேரும், அவற்றுக்குத் தடை இல்லை. ஆகவே நோன்புச் சாப்பாடு என்ற சொல்லை நம்பித் தட்டைக் கையில் வாங்காமல், என்னென்ன போட்டிருக்கிறது என்று கேளுங்கள்.

டிக்கெட் எடுக்கும்போது குழந்தையின் பெயரையும் சேர்க்க மறக்காதீர்கள். ஐந்து வயதுக்குக் கீழே கட்டணம் கிடையாது, ஆனால் பெயரும் டிக்கெட்டும் இல்லாமல் கப்பலில் ஏற்றமாட்டார்கள். கைரேகை முடிந்ததும் எழுதுங்கள், செப்டம்பரில் எந்த நாள் புறப்படலாம் என்று காற்றைப் பார்த்துச் சொல்கிறேன்.