ட்ராக் பேண்டும் கைத்துப்பாக்கியும்: டெக்சாஸிலிருந்து சில கேள்விகள், பதில்கள்

டாலஸ் பக்கம் பல வருடங்களாக இருக்கிறேன். கைத்துப்பாக்கி லைசென்ஸுக்கு வகுப்பும் எடுக்கிறேன். ஓட்டம், ஜிம், விளையாட்டு பற்றி வந்த கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டேன். பதில்கள் டெக்சாஸுக்கு உரியவை. மாநில எல்லையைத் தாண்டினால் சட்டமே வேறு.

கேள்வி: அண்ணா, காலை ஐந்தரை மணிக்கு இருட்டில் தனியாக ஓடுகிறேன். லெக்கிங்ஸில் பெல்ட் கிடையாது. இடுப்பு எலாஸ்டிக்கில் செருகிக்கொண்டால் நிற்காதா?

நிற்காதும்மா. பிளாக்ஸிகோ பரஸ் என்று ஓர் அமெரிக்கக் கால்பந்து வீரர். 2008 சூப்பர் பௌலில், அதாவது அந்த விளையாட்டின் இறுதிப் போட்டியில், நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்கு வெற்றியைத் தந்த பந்தைப் பிடித்தவர். அதே வருடம் நவம்பரில் ஒரு இரவு விடுதியில், உறை இல்லாமல் இடுப்பில் செருகியிருந்த துப்பாக்கி நழுவியது. பிடிக்கப் போனார், விரல் விசையில் பட்டது, குண்டு தொடையில் பாய்ந்தது. நியூயார்க்கில் செல்லும் லைசென்ஸும் கையில் இல்லை. இரண்டு வருடச் சிறைத் தண்டனை. உலகத்திலேயே நல்ல பந்துபிடிக்கும் கைகளில் ஒரு ஜோடிக்கே அந்தக் கதி.

இதில் இரண்டு பாடம். விசையை முழுவதும் மூடுகிற கெட்டியான உறை இல்லாமல் துப்பாக்கியை உடம்பில் வைக்கவே கூடாது. விழுகிற துப்பாக்கியைப் பிடிக்கவும் கூடாது, விழட்டும். இன்று வரும் நல்ல துப்பாக்கிகள் கீழே விழுந்ததற்காக வெடிக்காதபடி செய்யப்பட்டவை, விசை அழுத்தப்பட்டால்தான் வெடிக்கும். பழைய மாடல்களுக்கு இந்த உறுதி கிடையாது. தாத்தா காலத்து ரிவால்வரை ஓட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

உங்களுக்கு ஏற்றது பெல்லி பேண்ட், அதாவது வயிற்றைச் சுற்றிக் கட்டும் எலாஸ்டிக் பட்டை. வெறும் துணிப் பையாக இருப்பதை வாங்காதீர்கள். துணிக்கு மேலிருந்து அழுத்தினாலே விசை அசையும். உள்ளே கைடெக்ஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த கூடு இருக்க வேண்டும். பேன்ட்டை நம்பாமல் தனிப் பட்டையில் உடம்போடு கட்டும் உறைகளும் கிடைக்கின்றன, ஓடுகிறவர்களுக்கு அவை இன்னும் நல்லது. எடையையும் பாருங்கள். ரூகர் எல்சிபி போன்ற குட்டித் துப்பாக்கி தோட்டா இல்லாமல் 270 கிராம் அளவு. க்ளாக் 19 என்றால் 670 கிராம். இரண்டாவதோடு ஒரு மைல் ஓடினால் இடுப்பே சொல்லிவிடும்.

வாங்கியதும் வீட்டிலேயே சோதியுங்கள். தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, சேம்பர் (சுடுவதற்குத் தயாராகத் தோட்டா நிற்கும் இடம்) காலிதானா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, குதியுங்கள், குனியுங்கள், தரையில் உருளுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை. உறை ஓர் அங்குலம் நகர்ந்தாலும் அது உங்களுக்கான உறை இல்லை.

கேள்வி: சார், நான் எச்-1பியில் இருக்கிறேன். நண்பரின் துப்பாக்கியை வாக்கிங் போகும்போது மட்டும் வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பது மத்திய அரசுச் சட்டப்படி குற்றம். வேட்டை லைசென்ஸ் போல ஒருசில விலக்குகள் உண்டு, ஆனால் அவற்றை நம்பி இறங்கும் முன் வக்கீலிடம் போங்கள். கொடுத்த நண்பரும் சேர்ந்து மாட்டுவார். கிரீன் கார்டு வந்த பிறகு பேசலாம். அதுவரை பெப்பர் ஸ்ப்ரே போதும்.

கேள்வி: 2021 செப்டம்பரிலிருந்து டெக்சாஸில் லைசென்ஸே தேவையில்லை என்கிறார்களே? வகுப்புக்கு ஆள் சேர்க்கப் பார்க்கிறீர்களா?

ஆள் வந்தால் சந்தோஷம்தான். 21 வயது நிறைந்து, வேறு சட்டத் தடை இல்லாதவருக்கு லைசென்ஸ் தேவையில்லை என்பது சரி. ஆனால் நீங்கள் ஓடும் வழியில் எத்தனை பள்ளிக்கூடம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பள்ளி வளாகத்திலிருந்து 1,000 அடிக்குள், பொது நடைபாதையில்கூட, துப்பாக்கியோடு போவதை மத்திய அரசுச் சட்டம் தடுக்கிறது. அந்த மாநிலத்தின் லைசென்ஸ் இருப்பவருக்கு அதில் விலக்கு உண்டு, இல்லாதவருக்குக் கிடையாது. காரில் போகிறவர் அந்த வட்டத்தைக் கவனிக்க மாட்டார். ஓடுகிறவர் தினம் அதற்குள்தான் ஓடுகிறார்.

கேள்வி: இடுப்பில் கட்டும் ஜிப் பை, அந்த ஃபேனி பேக்கில் வைக்கலாமா?

வைக்கலாம். அதில் துப்பாக்கி மட்டுமே இருக்க வேண்டும், அதுவும் உறையோடு. சாவி, இயர்போன் ஒயர் எல்லாம் வேறு பையில். பெஞ்சில் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போகிறவராக இருந்தால் வேண்டாம். பூங்கா பெஞ்சில் யார் வீட்டுப் பிள்ளை வேண்டுமானாலும் வந்து ஜிப்பைத் திறக்கும்.

கேள்வி: சைக்கிளில் முதுகுப் பக்கம் வைத்தால் வசதியாக இருக்கிறதே?

விழும்வரை வசதிதான். மல்லாக்க விழுந்தால் முதுகெலும்புக்கும் சாலைக்கும் நடுவே ஒரு இரும்புத் துண்டு இருக்கும். முன்பக்கமோ பக்கவாட்டிலோ வையுங்கள்.

கேள்வி: ஜிம்? அப்புறம் சனிக்கிழமை கிரிக்கெட்?

ஜிம் தனியார் இடம். வாசலில் 30.06 பலகை (டெக்சாஸ் சட்டப் பிரிவின் எண் போட்ட தடைப் பலகை) மாட்டியிருந்தால் லைசென்ஸ் இருப்பவரும் மறைத்துக் கொண்டுபோகக் கூடாது. பலகை இல்லாவிட்டாலும் என் யோசனை, வேண்டாம். பெஞ்ச் பிரஸ்ஸில் படுத்ததும் சட்டை மேலேறும், லாக்கரை யார் வேண்டுமானாலும் உடைக்கலாம்.

கிரிக்கெட்டுக்கு ஒரே பதில்தான்: வீட்டில் பூட்டி வையுங்கள். டைவ் அடிக்கிறோம், ஒருவர்மேல் ஒருவர் மோதுகிறோம், விக்கெட் விழுந்தால் கட்டிப்பிடிக்கிறோம். மைதானம் பள்ளியுடையதாக இருந்தால் சட்டச் சிக்கலும் சேரும். பேட்ஸ்மேனைப் பயமுறுத்த ஒரு பவுன்சர் போதாதா? காரில் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் இருக்கையோடு கேபிளால் கட்டிய சின்ன இரும்புப் பெட்டியில். க்ளவ் பாக்ஸ் பூட்டெல்லாம் ஒரு பூட்டா?

கேள்வி: வேர்வையில் துரு பிடிக்கிறது.

பிடிக்கும். ஒரு ஆகஸ்ட் மாதம் முழுக்கத் துடைக்காமல் விட்டு, ஸ்லைடில் (துப்பாக்கியின் மேலே நகரும் இரும்புப் பகுதி) செம்புள்ளி கண்டு நானே வருந்தியிருக்கிறேன். ஓடி வந்ததும் தோட்டாவை எடுத்துவிட்டுத் துடையுங்கள், லேசாக எண்ணெய் காட்டுங்கள். எண்ணெய் தோட்டாமேல் படக் கூடாது. உறையையும் கழுவிக் காய வையுங்கள், உப்பு அங்கேதான் தங்கும்.

கேள்வி: தெருவில் நாய் துரத்தினால் சுடலாமா?

மூச்சு வாங்கிக்கொண்டு, கை நடுங்க, முழங்கால் உயரத்தில் ஓடிவரும் ஒன்றைக் குறிபார்க்கிறீர்கள். பின்னால் யாருடைய வீட்டுக் கராஜ் இருக்கிறது என்று அப்போது தெரியாது. தவறிய குண்டு எங்கே போனாலும் அதற்குப் பொறுப்பு நீங்கள்தான். அதனால் பெப்பர் ஸ்ப்ரேயை கையில் பிடித்துக்கொண்டே ஓடுங்கள்; நான் அப்படித்தான் ஓடுகிறேன். இதுவரை மூன்று நாய்கள் துரத்தியிருக்கின்றன. இரண்டு, நின்று அதட்டியதும் திரும்பிவிட்டன. ஒன்றுக்கு மட்டும் ஸ்ப்ரே தேவைப்பட்டது. காற்று என் பக்கம் அடித்ததில் எனக்கும் கொஞ்சம் கிடைத்தது.