விமானிகள் சங்கத்தில் உள்ளூர்ப் பிரதிநிதிகளுக்கு உண்மையில் எவ்வளவு அதிகாரம்?

பல விமான நிறுவனங்களின் விமானிகள் சேர்ந்த அமெரிக்காவின் ஆல்பா (ALPA) சங்கத்தில், நினைப்பதைவிட அதிகம். ஒரு விமான நிறுவனத்தின் ஒவ்வொரு தளத்திலும் (விமானிகள் பணியைத் தொடங்கும் விமான நிலையம்) விமானிகள் தேர்ந்தெடுக்கும் உள்ளூர்ப் பிரதிநிதிகள் சேர்ந்ததுதான் அந்நிறுவனத்தின் எம்இசி (தலைமைச் செயற்குழு). சம்பளப் பேச்சுவார்த்தை அதன் பொறுப்பு. ஆனால் ஒப்பந்தம் செல்லுபடியாகச் சங்கத்தின் தேசியத் தலைவரின் கையெழுத்து வேண்டும். உரசல் கிளம்புவதும் இங்கேதான்.

எம்இசியில் பெயர் அழைத்து வாக்கெடுத்தால் தலைக்கு ஒரு வாக்கு கிடையாது, உறுப்பினர் எண்ணிக்கையே கணக்கு. தலா 300 பேர் கொண்ட மூன்று தளங்கள் எதிர்த்தாலும் 1,200 பேர் கொண்ட ஒரே தளம் ஜெயித்துவிடும். சிறிய தளங்களின் கோபம் நியாயமானதே.

தேசியத் தலைவரைத் தேர்ந்தெடுப்பதும் இதே உள்ளூர்ப் பிரதிநிதிகள்தான், அதனால் அவரால் இவர்களை ஒதுக்க முடியாது. பிணக்கு முற்றினால் பிளவுதான்: அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் 1963இல் வெளியேறித் தனிச் சங்கம் கண்டார்கள்.